இறக்கைக்குள் மூன்றாவது தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் உள்ளங்கை உணர்ந்ததைத்தான் சொல்கிறேன்.

நாட்டின் வட எல்லையில், பனி உறையும் ஊரான ஹைலாரில் டிசம்பர் மாதம். எங்கள் நாட்டிலேயே கட்டிய புதுப் பயணிகள் விமானத்தைக் குளிரில் சோதிக்க அங்கே கொண்டு போயிருந்தோம். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. ராத்திரி முழுக்க விமானத்தைப் பனியில் விறைக்க விட்டு, காலையில் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பார்கள். அன்று காலை இடது இறக்கையின் அடியில் எரிபொருள் கசிந்தது. விமானத்துக்கு இறக்கைதான் தொட்டி. அதைக் காலி செய்து, கொட்டகைக்குள் இழுத்து வந்து, ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போய் விரிசலைத் தேடி அடைக்க வேண்டும். அந்த ஆள் என் கணவர் கெங். எங்கள் குழுவிலேயே நோஞ்சான் அவர்தான்.

வெளியே காவலுக்கு ஒருவர் நிற்க வேண்டும். பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தலைவர் லுவான் என்னையே நிற்கச் சொன்னார். உள்ளே இருப்பவர் முகமூடி போட்டிருப்பார். காற்றை உள்ளே ஊதும் இயந்திரம் வேறு காதைக் கிழிக்கும். பேச்சு எடுபடாது. அதனால் தட்டுவதுதான் பேச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான் இறக்கையை மூன்று முறை தட்டி, உள்ளங்கையை அதில் வைத்துக் காத்திருப்பேன். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தால் ஆள் நலம். வேலை முடிந்து தொட்டியை மூடும்போதும் காவல் நின்றவரே கடைசியாக ஒருமுறை தட்ட வேண்டும். பதில் வரவில்லை என்றால்தான் மூடி போடுவார்கள்.

கெங் மட்டும் எப்போதும் மூன்றாவதாக ஒன்று சேர்ப்பார். நகத்தால், சின்னதாக. 'கிழவி' என்று அதற்கு அர்த்தம். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த கிண்டல் அது.

"தூங்கிடாதடி கிழவி."

"போய்யா. நீ உள்ள சிக்கிக்காம வந்து சேரு."

இறக்கையின் அடியிலிருந்த துவாரத்தில் தலையை நுழைத்தார். கால்களும் மறைந்தன. மணி மூன்று ஐம்பது. அந்த ஊரில் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். மற்றவர்கள் ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டை சாப்பிடப் போய்விட்டார்கள்.

தட்டினேன். டொக், டொக்... பிறகு, டிக். சிரித்துக்கொண்டேன்.

அடுத்த முறை தட்டினேன். டொக், டொக்.

அவ்வளவுதான். மூன்றாவது வரவில்லை. கையில் வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

மறுபடி தட்டினேன். டொக், டொக். இப்போது சத்தம் அவர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. கையை நகர்த்திப் பார்த்தேன். இறக்கையின் நுனிப் பக்கம். அங்கே ஒரு குழந்தைகூட நுழைய முடியாது.

இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து காற்றை உள்ளே கொண்டுபோகும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். துவாரத்துக்கு அருகே அது தொளதொளவென்று கிடந்தது. குளிரில் நடுவே வெடித்திருந்தது. காற்று அத்தனையும் தரையில் போய்க்கொண்டிருந்தது.

வெறி பிடித்தவளைப் போலத் தட்டினேன்.

டொக், டொக்.

நிதானமாக. அவசரமே இல்லாமல்.

மறுபடி தட்டக் கையை ஓங்கினேன். இன்னும் தட்டவில்லை...

டொக், டொக்.

அலறினேன். யாரும் வரவில்லை. காவல் நிற்பவர் உள்ளே போகக் கூடாது என்பதுதான் முதல் விதி. விதியாவது மண்ணாவது... மூச்சைப் பிடித்துக்கொண்டு துவாரத்தில் தோள் வரை நுழைந்தேன்.

கும்மிருட்டு. கை நீட்டித் துழாவினேன்.

ஒரு கால் அகப்பட்டது. இழுத்தேன்.

வரவில்லை.

மறுபடி இழுத்தேன்.

உள்ளிருந்து... யாரோ இழுத்தார்கள்.

"விடு. என் புருஷனை விடு." கெஞ்சினேன். அழுதேன்.

யார் என் இடுப்பைப் பிடித்தார்கள் என்று தெரியாது. பிறகுதான் லுவானின் குரல் கேட்டது. நாலு பேர் சேர்ந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கெங்கின் உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். உள்ளே போன சில நிமிடங்களிலேயே எரிபொருள் ஆவி தாக்கிக் கை கால் செயலிழந்திருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் பதில் தட்டியது யார்? தட்டினாயா என்று கெங்கிடம் கேட்டேன்.

"முதல் தடவை மட்டும்தான் நான். அப்புறம் விரலைக்கூட அசைக்க முடியல. நீ தட்டுற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பதிலா அது தட்டுச்சு. என் காது பக்கத்துல."

"எது?"

"தெரியல. ஆனா அதுக்கு ரெண்டுதான் தெரியும். மூணாவது தெரியாது. மூணாவது வரலைன்னா கிழவிக்குப் புரிஞ்சிடும், புரிஞ்சிடும்னு முனகிட்டே கிடந்தேன்."

லுவானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளிரில் சுருங்கிய உலோகம் சூடேறும்போது டொக் டொக்கென்று சத்தம் போடும் என்றார். உள்ளே கேமராவை விட்டு நுனி வரை பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வேறொருவர் போய் விரிசலை அடைத்துவிட்டு வந்தார். முதலில் காவல் நின்றவள் நான் என்பதால், வழக்கப்படி கடைசித் தட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கெங் அப்போது ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பட்டப்பகல். இயந்திரம்கூட ஓடவில்லை. மூன்று முறை தட்டி உள்ளங்கையை வைத்தேன்.

டொக், டொக்.

உலோகம்தான், உலோகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு, நகத்தால் தட்டுவது போலச் சின்னதாக...

டிக்.