கூட்டத்துக்குள் ஒரு பொழியூர் சத்தம்

பதினோரு வருடங்களாக, இந்தத் தாலுகாவில் இந்தக் கிறுக்கு பிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதில் ஒரு சுகம் இருந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எனக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். சாயங்காலம் பாறசாலைக்குத் தெற்கே உள்ள வீட்டுக்கு வந்தால் என் காதுக்கு வேறு வேலை. பழைய ஆங்கில ராக் இசைக்குழுக்களின் மேடைக் கச்சேரிகள். கடையில் விற்ற ஆல்பங்கள் அல்ல. கூட்டத்தில் நின்ற யாரோ ஒரு ரசிகர் சட்டைக்குள் ரெக்கார்டரை ஒளித்துவைத்துப் பதிந்துகொண்டு போன கச்சேரிகள். ஒரே பாட்டு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஓர் ஊரில் கிட்டார்காரர் தன்னை மறந்து ஒன்பது நிமிடம் வாசிப்பார். இன்னோர் ஊரில் பாடகருக்குத் தொண்டை கட்டிப்போய், கூட்டம் அவருக்காகப் பாடும். உலகம் முழுக்க இவற்றைச் சேர்ப்பவர்கள் உண்டு, இணையத்தில் அவர்களுக்கென்று குழுக்களும் உண்டு. விற்கக் கூடாது, பகிர்ந்துகொள்ளலாம். எங்களுக்குள் அதுதான் சட்டம். என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த்தட்டில் ஏழு ஹார்டு டிஸ்க் நிறைய வைத்திருந்தேன். யார் கேட்டாலும் பதிலுக்கு ஒன்று வாங்காமல் எதையும் கொடுத்ததில்லை.

நான் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கச்சேரி ஒருநாள் எங்கள் குழுவில் வந்தது. முழுதாக, சுத்தமாக, யாரிடமும் எதையும் கேட்காமல். போட்டவர் புது ஆள். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘பொழியூர் கடற்கரையிலிருந்து, எல்லாருக்கும்.’

பொழியூர் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரைமணி நேரம். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கச்சேரியைத் தரவிறக்கிக்கொண்டேன், நன்றி சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழியூரில் விசாரித்து அவரைப் பார்க்கப் போனேன். கடலிலிருந்து மூன்றாவது வரிசை வீடு. முன்னால் இருந்த இரண்டு வரிசையையும் கடல் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. முற்றத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். குழுவில் நான் யாரென்று சொன்னதும் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்துவிட்டார்.

“எலே, நீயா! நம்ம பாறசாலக்காரனா! வா மக்கா, உள்ள வா.”

பின்னறையில் மீன் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த அலமாரி. அதில் கேசட்டுகளும் டிஸ்குகளும். பயணிகள் கப்பல் ஒன்றின் சலவை அறையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். கப்பலில் யார் யாரிடமோ கேட்டுக் கேட்டுச் சேர்த்தது இதெல்லாம். எதை எடுத்துப் பார்த்தாலும், “கொண்டுபோ மக்கா, கேட்டுட்டு மெதுவா கொண்டா” என்றார். அந்தத் தாராளம் எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு இருந்தால் ஒருவர் இப்படிக் கொடுப்பார் என்றுதான் தோன்றியது.

அதைவிடப் பெரிய அடி தேநீர் குடிக்கும்போது விழுந்தது. அவர் அந்த இசைக்குழுக்களில் ஒன்றை நேரில் பார்த்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்ற அன்று, கூட வர யாருமில்லாமல் தனியாகப் போய், சட்டைப்பையில் கைக்குட்டை சுற்றிய சின்ன ரெக்கார்டரோடு கூட்டத்தின் நடுவில் நின்றிருக்கிறார். மேடையில் எல்லாரும் கிழவர்கள் ஆகிவிட்டிருந்தார்களாம். ஆனாலும் என்ன? நான் ஒரு கச்சேரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. மங்களூருக்கு அப்பால் போனதில்லை.

“அந்தப் பதிவ ஏன் குழுவுல போடல அண்ணா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நடுவுல நான் வெவரமில்லாம கூவிட்டேன்லே. வெளிய ஆரும் கேட்டா நாணக்கேடு. நீ மட்டும் கேளு. ஆருக்கும் குடுக்கப்பிடாது, கேட்டியா?”

மெமரி கார்டில் கொடுத்தார். வீட்டில் கணினியில் ஏற்றிக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அது அருமையான பதிவு. மெதுவான ஒரு பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று கிட்டார் மட்டும் தனியாகப் போகும். ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் நிற்கிறார்கள் என்பது காதுக்குத் தெரியும். அந்த இடத்தில் பக்கத்திலேயே ஒரு குரல் உடைந்துபோய்க் கத்துகிறது: “எலே மக்கா, இஞ்ச பாருங்கலே!”

அங்கே அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரும் இல்லை. யாரைக் கூப்பிட்டார்? முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். பத்தாவது தடவை அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடி நானும் அந்தக் கூட்டத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். சரியாக அந்த இடத்தில் அவர் கத்துவார். அங்கே நின்றது நான்தான், நீ இல்லை என்று சொல்வதுபோல.

அதனால் அதை எடுத்துவிட்டேன். சத்தங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, அந்த இரண்டு விநாடிக் குரலை உருவி, இடைவெளியில் அதே கூட்டத்தின் மூச்சைக் கொஞ்சம் எடுத்து ஒட்டினேன். எங்கே ஒட்டினேன் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. பழைய கோப்பின் மேலேயே சேமிக்கவா என்று கணினி கேட்டது. அசலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியான வேளை, கடல் அந்த மூன்றாவது வரிசைக்கும் வந்தது. அவரும் மனைவியும் கேஸ் சிலிண்டரையும் இரண்டு எஞ்சின்களையும் துணிமணிகளையும் வெளியே எடுத்தார்கள். பின்னறைச் சுவர் அதற்குள் சரிந்துவிட்டது. மீன் பெட்டிகள் மிதந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்.

நிவாரண முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “எல்லாம் போச்சு மக்கா. நம்ம கார்டும் போச்சு” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வருத்தம் நிஜம். ஆனால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில், இப்போது பெரிய சேகரிப்பு என்னுடையதுதான் என்ற கணக்கும் மனதுக்குள் ஓடியது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அந்தக் கணக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. குழுவில் யாருக்கோ செய்தி தெரிந்து, எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். அவர் கொடுத்ததெல்லாம் என்னிடம் உண்டு, அனுப்புகிறேன் என்று ஒருவர். கூடவே என்னுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொருவர். பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் பார்சல்கள் வந்து குவிந்தன. ஓணத்துக்குள் முன்பு இருந்ததைவிட அதிகம் சேர்ந்துவிட்டது. வீட்டைக் கடல் கொண்டுபோன ஒரு மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? முடிந்தது. என் வீடு விழுந்தால் ஒரு டிஸ்க் வருமா என்று யோசித்துப் பார்த்தேன்.

அவருக்குத் திரும்பி வராதது ஒன்றே ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நானும் இருந்தேன்.

என் மனைவிதான் ஒருநாள் இட்லி மாவு கரைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“அவருக்க கச்சேரி ஒங்க கையில உண்டுல்லா? ஏன் கொண்டுபோயிக் குடுக்காம வச்சிட்டு இருக்கிய?”

“அவரு கேக்கல்ல.”

“வீடு போனவரு வந்து பாட்டு கேப்பாரா? நீங்க என்னமும் செஞ்சு வச்சிருக்கியளா அதுல?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாவைக் கரைத்தாள்.

மறுநாள் மாலை பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது ஒருவேளை தப்பித்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். மனைவியைக் கூப்பிட்டார். “வாடீ, இதாக்கும் நான் சொன்ன கச்சேரி. இவ்வளவு நாளும் நாணத்துல ஒனக்குப் போட்டுக் காட்டல்ல. நான் ஒரு எடத்துல கூவுவேன். சிரிக்கப்பிடாது.”

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து தரையில் உட்கார்ந்தார். பாட்டு வந்தது. கிட்டார் தனியானது. அவர் விரலைத் தூக்கி, “இப்பம் வரும்” என்றார்.

வரவில்லை. பாட்டு அழகாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். பிறகு இன்னொரு தடவை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எலே, எனக்க சத்தம் எங்க?”

“நான் எடுத்துட்டேன் அண்ணா.”

“நல்லதுக்கா எடுத்த? சுத்தமாட்டு இருக்கட்டும்னா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அவரே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தார். ஆனால் அந்த அம்மாள் இன்னும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழில் சொல்ல வாய் வராமல் மலையாளத்தில் சொன்னேன், “அசூயயாக்கும்.”

“எனக்க மேலயா?”

“ஆமா.”

“அசல் உண்டா?”

“இல்ல.”

அவர் பென் டிரைவை உருவி மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. “இன்னைக்கு நீ போ மக்கா” என்றார். ‘பெறவு வா’ என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பைத் தேடியபோது உள்ளே அந்த அம்மாள், “என்னதான் கூவினிய?” என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தப் பதிவு குழுவில் வந்தது. குரல்தானே தடையாக இருந்தது. இப்போது அது இல்லை, எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கீழே என்னைக் குறிப்பிட்டு, ‘பாதுகாத்துத் தந்த நண்பருக்கு நன்றி’ என்று எழுதியிருந்தார். பாராட்டு கொட்டியது. பக்கத்தில் ஒரு இருமல்கூட இல்லாமல் இப்படியொரு பதிவா என்று வியந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் என் கணக்கில் வந்து விழுந்தன. இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள், இது உள்ளபடி உள்ள பதிவு அல்ல, இதில் பதிந்தவரின் குரல் இருந்தது, பொறாமையில் நான் அழித்தேன், அசலும் இல்லை என்று கீழேயே எழுதினேன்.

பதிவைத் திருத்துவது எங்களிடையே பெரிய குற்றம். திட்டினார்கள். பலர் என்னுடன் பரிமாற்றத்தை நிறுத்திக்கொண்டார்கள், இன்றுவரை. ஒருவர் மட்டும் வேறு விதமாக எழுதினார். அதே கச்சேரியில் மைதானத்தின் மறுகோடியில் நின்று தானும் பதிந்ததாகவும், தூரம் அதிகமென்பதால் தரம் மோசமென்றும் சொல்லி எங்கள் இருவருக்கும் அனுப்பினார்.

பொழியூர் அண்ணன்தான் என்னை ஃபோனில் கூப்பிட்டார். “வாறியா? சேந்து கேப்போம்.”

போனேன். அவர் மனைவியோடு மூன்று பேரும் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்தோம். கிட்டார் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல இருந்தது. அந்த இடம் வந்தது, போனது.

“இல்ல” என்றார் அவர். “இவ்வளவு தூரத்துக்கு எங்க கேக்கும்?”

நானும் இல்லை என்றுதான் தலையசைத்தேன்.

“எனக்குக் கேட்டுது” என்றார் அவர் மனைவி. “இன்னொருக்கா போடுங்க.”

அவர் மறுபடி போட்டார். அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார், சரியான இடத்தில் சிரித்தார். அவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.