சனி கிரகத்தில் அடைபட்ட கேப்டன்

டிவிக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டினால் சடசடவென்று பொரியும், கையிலுள்ள பூனைமயிரெல்லாம் எழுந்து நிற்கும், பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தூசி கருகும் வாடை வரும். தொண்ணூறுகளின் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் எனக்கு இதுதான். திருநெல்வேலி டவுணில் எங்கள் சந்துக்கே ஒரே கலர் டிவி ஜவுளிக்கடை அண்ணாச்சி வீட்டில் இருந்தது. டெல்லியிலிருந்து வருகிற இந்தித் தொடர் ஒன்றில் கேப்டன் அனந்த் விண்கப்பல் ஓட்டிக்கொண்டு வருவார். வெள்ளிநிறச் சட்டை, ஒட்டிய கன்னம், இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துபோகும் ஒரு தழும்பு. சண்டைக்குப் புறப்படும் முன் இரண்டு விரலை அந்தத் தழும்பில் வைத்தெடுக்கிற ஒரு சல்யூட். அந்த நொடி பார்த்து நான் ஓடிப்போய்த் திரையில் கன்னத்தை வைப்பேன். அவர் முகத்திலிருந்து என் முகத்துக்கு என்னவோ பாய்கிறது என்று சத்தியமாக நம்பினேன். "ஏட்டி, மறைக்காத, தள்ளு" என்று பின்னாலிருந்து பயல்கள் கத்துவார்கள்.

எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. தனக்குத் தெரியும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். சேலை எடுக்க சூரத்துக்குப் போய்வருகிறவர் என்பதால் நாங்களும் நம்பினோம். பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் குத்திக்கொண்டே மொழிபெயர்ப்பார். நட்சத்திரம் வெடித்தாலும் காதலி அழுதாலும் அவருக்குப் பேரம் நடக்கிற குரல் ஒன்றுதான்: "அவன் வரமாட்டேங்கான். இவன் விடமாட்டேங்கான். கடைசியில சரின்னுட்டான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுத்துப் போட்டு முடிந்து, கப்பலின் கதவு திறந்ததும் வேறொருவன் வெளியே வந்தான்.

ஊதிய கன்னம். எண்ணெயில் முக்கியெடுத்த தூக்கணாங்குருவிக் கூடுபோல ஒரு தலை. வயிற்றை உள்ளே பிடித்துவைக்க வெள்ளிச்சட்டையின் பொத்தான்கள் படாத பாடுபட்டன. புருவத்தில் தழும்பு இல்லை. இருந்தும் கூச்சமே இல்லாமல் இரண்டு விரலை அங்கே வைத்தெடுத்தான். அவனைவிட அருவருப்பாக இருந்தது மற்றவர்கள் நடந்துகொண்ட விதம்தான். தளபதி அவனைக் கட்டித் தழுவினார். காதலி தோளில் சாய்ந்தாள். அனந்தின் தாய் அந்த ஊதிய கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விட்டாள். கடைசியாக அவருடைய எந்திர நாய் ஓடிவந்து வாலாட்டியது.

"நாயிக்குமா தெரியல?" என்று நான் கத்தியேவிட்டேன். சோதித்துவிடுவோம் என்று எழுந்துபோய்த் திரையில் கன்னத்தை வைத்தேன். அந்த மூஞ்சியிலும் அதே சடசடப்பு வந்தது. கன்னத்தைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தேன்.

எல்லாரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இவன் போலிட்டி. அசல் ஆளை சனி கிரகத்துல அடைச்சுப் போட்டுட்டு, அவன் சட்டையை மாட்டிக்கிட்டு வந்திருக்கான். இப்பந்தான் சொன்னான், கேக்கலியா?" என்றார்.

எவ்வளவு நிம்மதி! அப்படியானால் உலகம் சரியாகத்தான் இருக்கிறது. தாயும் நாயும் ஏமாந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அங்கே தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் குரங்காகவும் போலீசாகவும் வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்துவார்கள். அசல் அனந்த் திரும்பிவந்தால் நான் வெள்ளிச்சட்டை போட்டு வருகிறேன் என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "நேர்ச்சைன்னா வெளையாட்டில்லட்டி. அவன் வந்துட்டாம்னா நீ போட்டே ஆகணும், பாத்துக்கோ."

வாரம் வாரம் போய் உட்கார்ந்தோம். போலி கிரகங்களைக் காப்பாற்றினான், பாட்டுக்கு ஆடினான், பதக்கம் வாங்கினான். பார்க்கப் பார்க்க எனக்கு வாய் கசந்தது. "எப்ப வருவாரு அண்ணாச்சி?" என்று கேட்டால், "பைய வரட்டும். சனியில இருந்து வரணும்லா, ஏரல் பஸ்ஸா என்ன, ஏறி உக்காந்தா கொண்டுவந்து விட?" என்பார்.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு பம்பாயிலிருந்து மதினி, அதாவது என் அத்தை மகள், வந்திருந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள், இந்தியில் கனவு காண்கிறவள். எங்களோடு உட்கார்ந்து ஒரு வாரத் தொடரைப் பார்த்தாள். நான் போலியின் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போலியும் இல்ல, சனியும் இல்ல. அதே அனந்த்தான். நடிக்கிற ஆளை மாத்திட்டாங்க. பழைய ஆளுக்கும் படம் எடுக்கிறவங்களுக்கும் சண்டையாம், இனிமே வரமாட்டார்."

அண்ணாச்சி நாற்காலிக்கடியில் குனிந்து பல்குச்சியைத் தேடினார். குச்சி வாயிலேயே இருந்தது. "சூரத் இந்தி வேற, இந்த இந்தி வேற" என்றார். நான் அவரையே முறைத்துக்கொண்டிருந்ததால் மேலும் சொன்னார்: "ஆள் மாறுனா என்ன இப்பம்? குலசை தசராவுல ஒரே தெருவுல பத்துக் காளி வருது. எது போலின்னு எவனாவது கேக்கானா?"

"அதுல எந்தக் காளியும் இன்னொரு காளியைத் தள்ளிவிட்டுட்டு அவ சடையை மாட்டிக்கிட்டு வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பெரியவரை எதிர்த்துப் பேசியதற்கு அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். அதற்குப் பிறகு அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. சிறையில் இருக்கிறவரை மீட்கலாம். இங்கே ஒருவரை இல்லாமலே ஆக்கிவிட்டு, அவர் தாயை விட்டே புது ஆளைக் கொஞ்சவும் வைத்திருந்தார்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது அந்தச் சந்தில் கலர் டிவி இல்லாத வீடு கிடையாது. கன்னத்தை வைத்தால் பொரிகிற கண்ணாடிதான் எந்த வீட்டிலும் இல்லை. கேப்டன் அனந்தைப் புதிதாக எடுத்துத் தமிழிலேயே பேசவிட்டிருக்கிறார்கள். நடுவில் எத்தனை பேர் அந்தச் சட்டைக்குள் புகுந்து வெளியேறினார்களோ, இன்றைய அனந்துக்கு உடம்பெல்லாம் கட்டுகட்டாகத் தசை, முகத்தில் ஒன்றுமில்லை. சென்ற வாரம் அக்கா மகன் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன்.

விண்கப்பல் வாசலில் காவல்காரராக ஒரு கிழவர் நின்றார். தொங்கிப்போன கன்னம். இடது புருவத்தில் தழும்பு. உள்ளே போகிற தசைக்குவியலுக்கு அவர் இரண்டு விரலைத் தழும்பில் வைத்து சல்யூட் அடித்தார். அந்த முட்டாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சித்தி, இந்தத் தாத்தா போலி. கேப்டன் சல்யூட்டை அப்படியே காப்பி அடிக்கான் பாரு. இவன்தான் வில்லனா இருப்பான்" என்று சொல்லிவிட்டு, பயல் விரலால் ஒரு தள்ளுத் தள்ளினான். கிழவர் போய்விட்டார். நான் போனைப் பிடுங்கிப் படத்தைப் பின்னால் நகர்த்தி, அவர் முகத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். வெறும் வழவழப்பு.

ஆத்திரம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவரைக் கூட்டிவந்து கதவு திறக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அந்தத் தடியனுக்கு, இதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று பொரிந்து தள்ளினேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வந்துட்டாம்லா?" என்றாள்.

"வந்துட்டாரு, ஆனா..."

"ஆனா என்னட்டி ஆனா? எப்படி வரணும்னு நீ நேரல. வெள்ளித்துணி எத்தனை மீட்டர் வேணும், சொல்லு."