சும்மா கிடக்கும் காது

ஸ்பூன் எடுத்து வா என்றால் என் மகள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதையும் சிரித்துக்கொண்டே கொண்டுவருவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த விளையாட்டையெல்லாம் நானாக ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டிக்டேஷன் தாளை என் முன்னால் போட்டார். 'தின்' என்றால் 'பின்' என்று எழுதியிருக்கிறாள். 'ஷிப்'பெல்லாம் 'சிப்' ஆகிக் கிடந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனமே கிடையாது, காலாண்டுக்குள் தேறாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். "வீட்ல இங்கிலீஷ் பேசுங்க மேடம்" என்று வேறு சொல்லியனுப்பினார். தமிழ் மீடியத்தில் பத்தாவதோடு நின்றவள் நான். யாரிடம் போய் இங்கிலீஷ் பேச? மிக்ஸியிடமா?

அரபு நாட்டில், தம்மாமில் கடையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அன்று முதல் வாட்ஸ்அப்பில் வீடியோவாகக் கொட்டினார். வீட்டிலேயே விளையாட்டாக இங்கிலீஷ், விளையாட்டாக அறிவியல். அதில் வருகிற அம்மாக்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட துணி உடுத்தியிருப்பார்கள். பிள்ளைகள் ஒரே தடவையில் சொன்னதைச் செய்யும். அரிசி உலை கொதிக்கிற நேரத்தில் அதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

ஆனாலும் செய்தேன். ஃப்ரிட்ஜ், கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். ஆட்டுரலுக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் 'ஸ்டோன்' என்று ஒட்டிவிட்டேன். வாளித் தண்ணீரில் தக்காளி மிதக்குமா முங்குமா, உருளைக்கிழங்கு மிதக்குமா முங்குமா என்று போட்டுப் பார்த்தோம். அதிலெல்லாம் அவள் புலி. முங்கிய உருளைக்கிழங்கை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டு, உப்பை அள்ளிக் கொட்டி அதை மேலே கொண்டுவந்து காட்டினாள். அரைப் பாக்கெட் உப்பு போச்சு. இங்கிலீஷ் என்றால்தான் முழி பிதுங்கும்.

சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் விட்டேனா? வாட்டர் சொல்லு, ராக் சொல்லு, மங்கி சொல்லு என்று நச்சரித்தேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. அருவி இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த வீடியோவில் நூல் டெலிபோன் இருந்தது. இரண்டு பேப்பர் கப், நடுவில் நூல். கப்பின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே தீக்குச்சித் துண்டில் நூலை முடிந்து, விறைப்பாக இழுத்துப் பிடித்தால் பேச்சு நூல் வழியே போகும். அறிவியலுக்கு அறிவியல், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ். முதல் அறையில் அவள், அடுப்படி வாசலில் நான். அவள் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு கப்புக்குள் மெதுவாக "ஸ்பூன்" என்றேன். ஸ்பூன் வந்தது. "புக்" என்றேன். புக் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிக்டேஷனில் கோட்டை விடுகிறவளா இவள்!

அந்தக் குஷியில், லெஃப்ட், ரைட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போமே என்று, "லெஃப்ட் காதுல வை" என்றேன். திரும்பிப் பார்த்தால், வலது காதிலேயே வைத்திருந்தாள்.

"ஏட்டி, லெஃப்ட்டுன்னா எதுன்னு தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா வைக்க வேண்டியதுதானே?"

போய் நானே இடது காதில் கப்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, முதுகைக் காட்டி அதே மாதிரி மெதுவாக "சோப்" என்றேன். எதுவும் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். திரும்பிப் பார்த்தால், கப்பும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேக்கலியாட்டி?"

"இது சும்மா கெடக்க காதும்மா" என்றாள், ஏதோ ஓடாத ஃபேனைக் காட்டுகிற மாதிரி.

யா அல்லாஹ்! கப்பைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

தென்காசியிலேயே காது டாக்டரிடம் காட்டினேன். ஹெட்போனை மாட்டிவிட்டுச் சோதித்துப் பார்த்தார். பொன்னுக்கு வீங்கி வந்திருந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. யு.கே.ஜி. படிக்கையில் கன்னம் இரண்டும் பன்னு மாதிரி வீங்கி, பிறகு வடிந்துவிட்டது. அதோடு இடது காதின் நரம்பும் போயிருக்கிறது, இனி வராது என்றார். "வலது காது நல்லா இருக்கு. அத பத்திரமா பாத்துக்கோங்க. வகுப்புல அந்தப் பக்கம் டீச்சர் இருக்க மாதிரி உக்கார வைங்க." வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மகள் என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மிஸ் நல்லவர்தான். டாக்டர் சீட்டைப் பார்த்ததும் அவருக்கும் முகம் வாடிவிட்டது. முதல் பெஞ்சில் ஓரமாக இடம் மாற்றிக் கொடுத்தார். வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், எடுத்ததுமே, "கூடவே இருக்க. இத்தன வருசமா ஒனக்குத் தெரியலையா?" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "நீங்க அங்கன உக்காந்து வீடியோ அனுப்புங்க! இங்கன வந்து ஒரு மாசம் இருந்து பாருங்க!" என்று கத்தினேன். அவரும் விடவில்லை. நானும் விடவில்லை. இருவருக்கும் அந்தக் காதுக்கு யாராவது ஒரு ஆள் பொறுப்பாக வேண்டியிருந்தது.

மகள் கட்டிலில் என் பக்கத்தில் படுத்திருந்தாள். வலது காதைத் தலையணையில் நன்றாக அழுத்திப் புதைத்திருந்தாள். டாக்டர் சொன்னது நினைவு வந்து பதறிப்போய், "நல்ல காத அமுக்காதட்டி, திரும்பிப் படு" என்றேன். அசையவில்லை. எப்படிக் கேட்கும்? தோளைத் தட்டி எழுப்பினேன்.

"ஏன் இப்படிப் படுக்க? இப்படிப் படுத்தா ஒண்ணுமே கேக்காதுல்லா?"

"ஆமாம்மா. வாப்பா போன் வந்தா இப்படித்தான் படுப்பேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

"பேசி முடிச்சது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீ அழுதா கட்டில் ஆடும்லா. ஆடுறது நின்னதும் எந்திச்சிருவேன்."

போனை இன்னும் வைக்காமல் கையில்தான் பிடித்திருந்தேன். "பிள்ள என்ன சொல்லுதா? இங்கன ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.