ஒலிபெருக்கியில் முன்னுக்கு வந்த சொல்

"சத்தம் உயரவில்லை. சொல் முன்னுக்கு வந்தது." என் பழைய நாட்குறிப்பில், ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். திகதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. திகதியில்லாத குறிப்பை நான் நம்புவதில்லை. இதை மட்டும் எறிய மனம் வரவில்லை. இது சாய்ந்தமருதில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன மோதினாரைப் பற்றியது.

அப்போது நான் தபாலகத்தில் எழுதுவினைஞர். சில மொழிகளில் சொல்லின் ஓர் அசையை ஓங்கிச் சொல்வார்கள், தமிழ்ச் சொல்லுக்கு அப்படி நிலையான அழுத்தம் கிடையாது என்று எங்கோ வாசித்திருந்தேன். அப்படியானால் நாங்கள் ஒன்றை எப்படி வலியுறுத்துகிறோம்? கல்முனைச் சந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். மீன்காரர் "இண்டைக்குப் புடிச்ச பாரை, இண்டைக்கூ" என்று இழுத்தார். மருதமுனைச் சாறன் துணி வியாபாரியோ கடைசி விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். வாங்க வந்தவர் குனிந்து கேட்டார். ஓங்கிச் சொன்னவர் எவருமில்லை.

மோதினாருக்கும் எனக்கும் ஒரே வயது. யாராவது இறந்தால் சொல்லும் மையித்து அறிவித்தலில் அவருக்கொரு மாறாத ஒழுங்கு இருந்தது. மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு தெரு, வாப்பாவின் பெயர், கடைசியில் ஆளின் பெயர். அந்த இரண்டு தட்டுக் கேட்டால் அடுப்படியில் அகப்பை நின்றுவிடும். ஒருநாள், ஆஸ்பத்திரியில் கிடந்த வாலிபர் ஒருவருக்கு இரத்தம் வேண்டுமென்று அதே ஒழுங்கில் அறிவித்தார். பெயருக்குப் பிறகு வந்ததைக் கடற்காற்று கொண்டுபோயிற்று. அரை மணித்தியாலத்தில் நாலு பேர் மையித்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். "என்ட மகன் ரத்தங் கேட்டான்டா, சந்தூக்கு கேக்கல்ல!" என்று வாப்பாக்காரர் விரட்டினார்.

"மோதினார், இனி உசிரோட இரிக்கிறவனுக்கு வேற குரல்ல கதைங்க" என்றேன்.

"இரிக்கிறது ஒரு குரல்தான் கிளாக்கர். மத்தத நீங்க தபால்ல அனுப்புங்க."

அதற்குச் சில மாதங்களின் பின், என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மாப்பிள்ளை மீன்பிடிக்கப் போன தோணி மூன்று நாளாகத் திரும்பவில்லை. எல்லோரிடமும் கைப்பேசி இல்லாத காலம். அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் மைக் இரண்டு தரம் தட்டுப்பட்டது. கிணற்றடியில் நின்ற ராத்தா வாளியை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நான் கேக்கமாட்டன். நீ கேளு தம்பி."

நான் தெருப் பெயருக்காகக் காத்திருந்தேன். அது எங்கள் தெருவாக இருக்கக்கூடாது என்பதே என் துஆ. தெருப் பெயர் வரவில்லை. "ஹயாத்தோட இரிக்காங்க" என்றார் மோதினார்; உயிரோடு இருக்கிறார்களாம். நிறுத்தினார். மறுபடியும், "ஹயாத்தோட" என்பதை நன்றாக இழுத்து, "ஹயாத்தோட இரிக்காங்க. கோமாரியில கரசேந்திட்டாங்க, மூணு பேரும்." அதற்குப் பிறகுதான் தெரு, வாப்பாமாரின் பெயர்கள், மச்சானின் பெயர். அதற்குள் ராத்தா ஈர மண்ணில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

அன்றே அந்த இரண்டு வரியையும் எழுதினேன். மறுநாள், முன்கூட்டி யோசித்தா சொன்னீர்கள் என்று மோதினாரிடம் கேட்டேன். "ஆருக்குத் தெரியும்? சந்தூக்குக் கூட்டம் திரும்பவும் வந்திடுமெண்டு பயந்தன்" என்று சிரித்தார்.

மோதினார் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். இன்று அறிவித்தல்கள் கைப்பேசிக்கு வருகின்றன; முக்கியமானதைத் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். போன கிழமை ராத்தாவுக்கு இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய் எழுதி வெச்சிரிக்காய். அந்த மனிசன் கத்தினாரு. காதப் பொத்திக்கிட்டு நிண்ட எனக்கே கேட்டிச்சே!"

ஒலிப்பதிவு எதுவும் இல்லை. அன்று கேட்ட இன்னொருவரையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. "சத்தம் உயரவில்லை" என்ற வரி உறுதிப்படுத்தப்படாதது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.