நாலு பின் அடித்த பக்கம்

அந்த மாமியை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் தமிழ்க் காதல் நாவல்கள்தான் எங்கள் லேக் மார்க்கெட் பகுதித் தமிழர்களின் வாசகர் வட்டத்தில் வீடு வீடாகச் சுற்றும். எல்லாமே முதலில் மாமி கைக்குத்தான் போகும். கஞ்சி மொடமொடக்கும் பருத்திப் புடவை, சிரிக்காத முகம், கைப்பையில் ஒரு ஸ்டேப்ளர். ஆபாசம் என்று தனக்குப் பட்ட பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துவிட்டுத்தான் புத்தகத்தை அடுத்த வீட்டுக்கு விடுவார்.

ஏன் இப்படிப் பின் அடிக்கிறார் என்று ஒருநாள் பொறுக்காமல் மாமியிடமே கேட்டேன். "அதெல்லாம் குடும்பத்துல படிக்கறதாம்மா?" என்றார்.

"நீங்க மட்டும் படிச்சேளே மாமி?"

"படிச்சாத்தானே எங்க பின் அடிக்கறதுன்னு தெரியும்?"

என்ன திமிர்! அவர் பூட்டிய முத்தங்களை எல்லாம் நாங்கள் கத்தி முனையால் நெம்பித்தான் படித்தோம்.

டிசம்பர் கூட்டத்தில் ஆளுக்கொரு நாவலை, அந்த வருடம் மிகவும் பிடித்தது என்று சொல்வோம். போன வருடம் நான் தேர்ந்தெடுத்த நாவலில் முத்தத்துக்கு ஒரே பின்தான். வேறொரு பக்கத்துக்கு வரிசையாக நாலு. ஆவலோடு பிரித்தேன். வேலையிலிருந்து வரும் கணவன் மனைவியிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். இல்லை என்கிறாள். அவனே தோசை வார்த்துப் போடுகிறான். அவ்வளவுதான்.

இதில் என்ன ஆபாசம் என்று சபையில் கேட்டு மாமியின் மானத்தை வாங்கத்தான் போனேன். என் கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம்தான்.