கெட்டுப்போனது குன்னூர் அல்ல

காலை 6.10, மேட்டுப்பாளையம். பந்தலூர் வரை போகும் பேருந்தில் ஊட்டிக்குச் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன் என்று என் மனைவி செல்விதான் திருச்சியிலிருந்து துரத்திவிட்டாள். "ரெண்டு நாள் மலையில இருந்துட்டு வாங்க, மனசு மாறும்" என்றாள். மாறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் எதிரே லாரி வர, பேருந்து விளிம்பை ஒட்டி நின்றது. முன்சீட்டுப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். விழுந்தால் விழட்டும் என்று எனக்குத் தோன்றியது. அதையும் அசதி என்றே எடுத்துக்கொண்டேன்.

7.45, குன்னூர். தேநீரும் இரண்டு வர்க்கியும் முப்பது ரூபாய். அடுக்கடுக்காக உதிரும் அந்த மொறுமொறுப்பைப் பற்றிப் போன முறை என் பயணக் கட்டுரையில் ஒரு பக்கம் எழுதியவன் நான். இப்போது அட்டையைக் கடித்தது போல இருந்தது. பழைய சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "இன்னைக்குச் சுட்டதுங்க, வேணும்னா அவரக் கேளுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் அதே தட்டிலிருந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டிருந்தார். 'குன்னூர் கெட்டுவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். இந்த ஆண்டு நான் போன ஊரெல்லாம் அப்படித்தான். குற்றாலம் கெட்டுவிட்டது, ராமேஸ்வரம் கெட்டுவிட்டது. வாசகர்களும் ஆமாம் போட்டார்கள், வேறென்ன வேண்டும்.

8.50, ஊட்டி. எல்லோரும் இறங்கினார்கள். என்னால் எழ முடியவில்லை. காலில் ஒன்றுமில்லை. பையை எடுக்க வேண்டும், அறை தேட வேண்டும் என்று நினைத்ததுமே உடம்பு மறுத்துவிட்டது.

"ஏனுங்க, ஊட்டிக்குத்தானுங்க சீட்டு வாங்குனீங்க?" என்றார் நடத்துனர்.

"பந்தலூருக்கு ஒண்ணு குடுங்க."

பக்கத்தில் ராஜம்மா என்பவர் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஊட்டி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். பைக்காரா தாண்டியதும் என்னைப் பார்த்து, "ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்றார்.

"அசதி. சரியாத் தூங்கி நாலு மாசமாச்சு. எந்த ஊரும் புடிக்கல."

"நானும் செடியத்தாங்க கொற சொன்னேன். முப்பது கிலோ பறிக்கிறவ பதினாலுக்கு வந்துட்டேன். கணக்கப்பிள்ள கேட்டாரு. செடியில கொழுந்தே இல்லன்னு சண்ட போட்டேன். மறுநா அவரு என் நிரையில வேற ஆள விட்டாரு. அவ முப்பத்திரெண்டு கிலோ நிறுத்தா. அன்னைக்குத்தான் வெளங்குச்சு. செடிக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான்னு. மனசுக்குன்னு குடுத்தாங்க, இது மூணாவது மாச மாத்திர."

"சரியாயிடுச்சா?"

"இல்லீங்க. இருவது கிலோ வருது."

எனக்கு அந்த மூன்றாவது வர்க்கி நினைவுக்கு வந்தது.

பகல் 12.10, பந்தலூர். பேருந்து நிலையத்தில் குடித்த தேநீரிலும் சுவை இல்லை. கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன். வளைவில் தோன்றியதைச் சொன்னேன். எனக்கு முடியவில்லை, நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

"நாலு மாசமா குழம்புல ருசியே இல்லன்னு கத்துனீங்களே," என்றாள். "அப்ப என் கையில ஒண்ணும் கோளாறு இல்லையா?"