வாய் மூடி ஆடிய பாதி ஆட்டம்

கூடைப்பந்து ஆடுகிறவள் என்று சொன்னால் எல்லோரும் முதலில் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கல்லூரி அணியில் நான்தான் குள்ளம். உயரத்தில் குறைத்ததை எல்லாம் கடவுள் எனக்கு வாயில் வைத்துவிட்டார் என்பாள் அம்மா. கேரள எல்லையில், பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். ஆனால் அந்த வாய்தான் எனக்கு அணியில் இடம் வாங்கித் தந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்துகிற பாயிண்ட் கார்டு நான்.

நான் கத்துவது பெரும்பாலும் ஒருத்திக்காகத்தான். அவள் எங்கள் சென்டர், கூடைக்கு அடியில் நின்று பந்து போடுகிறவள்; திருப்புறத்துக்காரி. வாசலில் குனிந்து நுழைகிற உயரம். கல்லூரிக்குப் போகும் காலை ரயிலில் நான் பாறசாலையில் ஏறி இடம் பிடித்து வைப்பேன்; அவள் நெய்யாற்றங்கரையில் ஏறுவாள். அவள் வீட்டிலும் தமிழ்தான். பள்ளியில் அதற்காக எங்கள் இருவரையும் 'பாண்டி' என்று கேலி செய்திருக்கிறார்கள். அதனால் வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ் என்றே வளர்ந்தோம்.

முதல் வருடம் ஒரு கல்லூரிப் போட்டியில், இரண்டு பேர் என்னை நெருக்கிய அவசரத்தில், வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"எட்டி, பொறத்தால ஓடி வா."

அவள் பின்பக்கமாக ஓடி வந்தாள், பந்தைக் கொடுத்தேன், கூடையில் போட்டாள். எதிரணியில் திருச்சூர்ப் பெண்கள். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்தார்களாம். அன்றைக்குத் தொடங்கியது. அந்தால போ, இந்தால வா, உள்ள வா, நில்லு. எல்லாம் எங்கள் பாஷையில், வேகமாக. கேரளத்தில் எந்த அணிக்கும் பிடிபடவில்லை. கேலிக்கு ஆளான பேச்சு கோப்பை வாங்கிக் கொடுத்தது. எனக்கு அதில் இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்றாம் வருடம் இருவரும் பல்கலைக்கழக அணிக்கே தேர்வானோம்.

தென்மண்டலப் போட்டி தமிழ்நாட்டில் நடந்தது. முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். எங்களுக்கு அது கடைசி வருடம், இனி வாய்ப்பு இல்லை. கால் இறுதியில் ஜெயித்தால் போதும், நான்குக்குள் வந்துவிடுவோம்.

கால் இறுதியில் எதிரே உள்ளூர் அணி. ஆரம்பத்திலிருந்தே நான் போட்ட பந்தெல்லாம் பறிபோனது. சென்டரை உள்ளே வரச் சொன்னால் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் போய் நின்றார்கள். பின்னால் வரச் சொன்னால் அங்கேயும் ஒருத்தி. என் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினேன். அதையும் பறித்தார்கள். இரண்டாம் குவார்ட்டர் முடியப் போகிற நேரம், என்னைத் தடுத்துக்கொண்டிருந்த பெண் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. பாதிதான் புரியுது."

நான் பந்தை விட்டுவிட்டு நின்றேன். அவளும் தமிழச்சி. கோர்ட்டில் நின்ற அவர்கள் ஐந்து பேரும் தமிழ். கேலரி முழுக்கத் தமிழ். பேருந்து நிலையத்தில் தமிழில் வழி கேட்டு, தமிழில் இட்லி வாங்கித் தின்றுவிட்டு வந்தவள்தான் நான். இருந்தும் அது வெளி ஆட்களுக்குத் தெரியாத பாஷை என்ற நினைப்பு மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. சென்டரைப் பார்த்தேன். அவளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

பாதி ஆட்டம் முடிந்தபோது பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பயிற்சியாளர் டீச்சர் கோட்டயத்துக்காரர். எனக்குப் பதிலாக இன்னொருத்தியை இறக்கப் போகிறேன் என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

"சொல்லுறத மாத்திச் சொல்லட்டா?" என்று சென்டரிடம் கேட்டேன். "உள்ளன்னா வெளிய, வெளியன்னா உள்ள."

"நடக்காது மக்கா. ஒனக்க சத்தம் கேட்டா எனக்க காலு தானா போவும். மூணு வருசப் பழக்கமாக்கும்."

"அப்போ என்ன செய்ய?"

"நீ வாய மூடு. பந்தப் போடு. நான் அங்க உண்டு."

நான் வாயை மூடுவதா? டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார்.

ஜெர்சியின் கழுத்துப்பட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடினேன். ஆரம்பத்தில் கை கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒன்று கவனித்தேன். அந்தப் பெண்கள் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். குரல் வராததால் ஒரு நொடி தாமதமாக நகர்ந்தார்கள். சென்டருக்கோ என் தோள் திரும்புவதே போதுமாக இருந்தது. ரயிலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த வருடங்கள் சும்மா போகவில்லை. பதினொன்று ஏழானது, நான்கானது. ஐந்து நிமிடம் கழிந்தும் டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை.

கடைசி ஒன்பது நொடி. ஒரு புள்ளி பின்னால். பந்து என் கையில். எதிரே அதே சிரிப்புக்காரி, இப்போது சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டியைத் துப்பிவிட்டு, பாதி ஆட்டம் அடக்கி வைத்த அத்தனையையும் சேர்த்துக் கத்தினேன்.

"மக்கா, உள்ள வா! தாறேன்!"

சென்டரின் கால் தானாகப் போனது. அவளோடு இரண்டு பேர் போனார்கள். சிரிப்புக்காரியும் அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். எனக்கு அந்த ஓர் அடி போதும். நின்ற இடத்திலிருந்து எம்பிப் போட்டேன். பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

எங்கள் பெண்கள் என் மேல் வந்து விழுந்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். சென்டர் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தாறேன்னு சொன்னியே?"

"ஒனக்க கால நம்பித்தான் மக்கா சொன்னேன்."

சிரிப்புக்காரி வந்து கை கொடுத்தாள். "புரிஞ்சதாலதான்க்கா ஏமாந்தேன்" என்றாள். எந்த ஊர் என்று கேட்டாள். பாறசாலை, கேரளம் என்றேன். கேரளத்தில் ஏது தமிழ் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் உண்டு என்றேன். இதை முன்பு யாரிடமும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

அம்மா கைபேசியில் நேரலை பார்த்திருந்தாள். "ரெண்டாம் பாதியில கடைசி வர நீ வாயே தொறக்கல்லியே, ஒனக்கு சொகமில்லியோன்னு பயந்து போனேன்" என்றாள். ஜெயித்ததைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசினாள்.

திரும்புகிற ரயிலில் சென்டர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அகில இந்தியா எங்கயாக்கும் நடக்குது?"

"வடக்க."

"அங்க உள்ளவிய தமிழ் அறிவாவளா?"

"எங்க அறிய?"

"அப்போ செரி," என்று மறுபடி சாய்ந்தாள். "இனி நீ வாயத் தொறந்துக்கோ."